சம்பந்திக்குக் கஞ்சத்தனம் பதினெட்டு

எனக்கு ஒரு வருத்தம், அதாவது நோய், உண்டு. சீனி வருத்தம் இல்லை, அது பிறகு வந்தது. இது "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராத வருத்தம். யாராவது "கப்பல் ஓட்டத் தெரியுமோ?" என்று கேட்டால், "எந்தப் பக்கம் போகவேணும்?" என்று கேட்டுவிடுவேன். திருகோணமலைத் துறைமுகத்தடியில் கடை வைத்திருப்பவன் என்பதால் ஆட்கள் நம்பியும் விடுவார்கள். நான் விற்பது என்னவோ வலையும் கயிறும்தான்.

இந்த வருத்தம் முற்றிப்போய், பெற்ற மகளின் கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மகள் நிரோஷிக்கு ரொறன்ரோவில் இருக்கும் டிலக்ஸன் என்ற பொடியனைப் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு இவளைப் பிடித்துவிட்டது. இவளுக்கு அவனை அதைவிடப் பிடித்துவிட்டது. இனி இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருவரையொருவர் பிடிக்க வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் சந்தித்தோம். பொடியனின் தகப்பன் மரியநாயகம், "அங்கை வெயிலோ?" என்பார். "ஓம், வெயில். அங்கை குளிரோ?" என்பேன். "ஓம், குளிர்." அதன்பிறகு ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம்.

நாலாவது ஞாயிறு டிலக்ஸனுக்கே பொறுக்கவில்லை.

"அங்கிள், இப்பிடி முழிச்சுக்கொண்டிருக்கிறதை விட எல்லாரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவமே?"

அவன் சொன்ன விளையாட்டு இப்படி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, குகைக்குள் போய்ப் பூதத்தோடு சண்டை பிடிப்பார்கள். உண்மையில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து விளையாடுவது. ஆட்கள் ஆளுக்கொரு நாட்டில் கிடந்தால், மேசைக்குப் பதிலாக இணையத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, அதில் தங்கள் ஆட்களை நகர்த்துவார்கள்.

"ஆராவது ஒராள் நடத்தவேணும். நானே..." என்று டிலக்ஸன் தொடங்கினான்.

"நான் நடத்துறன்," என்றேன்.

"அங்கிளுக்குத் தெரியுமோ?"

"சின்ன வயசிலையிருந்து!"

(சின்ன வயதில் நான் விளையாடியது கரம். அதிலும் காய் குழிக்குள் விழுவதைவிட மேசைக்குக் கீழே விழுந்ததுதான் அதிகம்.) மேசைக்கு அடியில் நிரோஷி என் காலில் ஒரு உதை விட்டாள். வீடியோவுக்குச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

முதல் வேலை, வரைபடத்துக்கு ஒரு கருவி தேடுவது. என் கடைக்கு ஒருவர் வந்து கயிறு கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டேன். என்ன வள்ளம், எவ்வளவு ஆழம், எத்தனை பேர் இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்பேன். சின்ன வள்ளத்துக்குக் கப்பல் கயிற்றைக் கொண்டுபோனால் கயிற்றின் பாரத்திலேயே வள்ளம் தாழும். இவ்வளவு ஞானத்தையும் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவது.

நிரோஷி காட்டிய முதல் கருவியில் வெறும் கட்டங்கள். விரலால் கோடு இழுத்தால் சுவர், வட்டம் போட்டால் ஆள். போனிலும் திறக்கும்.

"எங்களுக்கு இது காணும் அப்பா. நாலு பேர், ஒரு குகை. வேறென்ன வேணும்?"

"இது குளியலறைத் தரை மாதிரிக் கிடக்கு. சம்பந்தி என்ன நினைப்பார்?"

இரண்டாவது கருவியில் கோட்டைகள் எழுந்து நின்றன. படிக்கட்டுக்கு நிழல்கூட விழுந்தது. ஆனால் என் லப்டொப் கடைக் கணக்குக்கு வாங்கியது. அது போட் இயந்திரம்போல் உறுமத் தொடங்கி, கொதித்து, அரைக் கோட்டையைக் காட்டிவிட்டு மூச்சை விட்டது. "நிப்பாட்டிப் போடாதேங்கோ, பப்படம் காயவைக்கலாம்," என்றாள் மனைவி மெற்றில்டா.

மூன்றாவதில் விழுந்தேன். அதில் மூடுபனி இருந்தது, தீப்பந்தம் இருந்தது, அலைச் சத்தம் இருந்தது. கதவு திறந்தால் கிறீச் என்றது. (எங்கள் வீட்டு முன்கதவு அதையே பல வருடமாகச் செய்கிறது. நான் ஒருநாளும் கைதட்டியதில்லை.) எல்லாவற்றுக்கும் மேலாக அதில் அடுக்குகள் இருந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல, கீழே நிலம், அதன்மேல் ஆட்கள், அதற்கும் மேல் நடத்துபவருக்கு மட்டுமான இரகசியத் தாள். ஒவ்வொரு தாளுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம். கண் திறந்திருந்தால் அந்தத் தாள் எல்லோருக்கும் தெரியும். மூடியிருந்தால் நடத்துபவருக்கு மட்டும்.

நான் அதை மறுவளமாக விளங்கிக்கொண்டேன். கண் திறந்திருக்கிறது என்றால் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூடியிருந்தால் எனக்கே தெரியாது என்று. (விளக்க வீடியோ நாற்பது நிமிடம். நான் பார்த்தது ஆறு நிமிடம்.)

அந்த ஆறு நிமிடத்துக்குள் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். நடத்துபவர் தன் ஆட்களை அறிந்திருக்க வேண்டும், ஒவ்வொருவர் பற்றியும் இரகசியக் குறிப்பு வைத்திருக்க வேண்டும், குணங்களுக்கு இருபதுக்குள் எண் போட வேண்டும். இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏனென்றால் மெற்றில்டா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் விசாரிப்பது கட்டாயம். விசாரித்ததை ஒத்துக்கொள்ளாமல் இருப்பது அதைவிடக் கட்டாயம். மரியநாயகம் பிறந்த சாம்பல்தீவில் இரண்டு வீட்டில் கேட்டு, ரொறன்ரோவில் தன் மச்சாளிடமும் கேட்டு அவள் தகவல் திரட்டியிருந்தாள். அதை நான் வரைபடத்தில் ஒவ்வொரு ஆளின் கீழும் தட்டி எழுதினேன்.

"மரியநாயகத்தாருக்கு என்ன போட?"

"கஞ்சத்தனம் பதினெட்டு. ஒரு ரீ பாக்கை முக்கி மூண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊத்துவாராம். மச்சாள் கண்ணாலை கண்டவ."

"அவரின்ரை மனிசி ஜெசிந்தாவுக்கு?"

"வாய் பத்தொன்பது. வீட்டிலை அவதான் அரசாங்கம் எண்டு போடுங்கோ."

"பொடியனுக்கு?"

மெற்றில்டா யோசித்தாள். "குணம் பதினேழு. தலைமயிர் ஆறு, அதுவும் கொட்டுண்டுகொண்டு போகுது. ஆனாலும் விடக்கூடாது."

எல்லாவற்றையும் இரகசியத் தாளில் எழுதி, கண் நன்றாகத் திறந்திருக்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

விளையாட்டு நாள் வந்தது. எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. நிரோஷி மாதா கோவிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். பிந்தி வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தாள். மெற்றில்டா, "பூதத்தோடை எனக்கென்ன கதை?" என்று குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே இஸ்திரி போட்ட சேட், கீழே சாரம். அலைச் சத்தத்தைத் தட்டிவிட்டு வரைபடத்தைத் திறந்தேன்.

அந்தப் பக்கம் மூன்று பேரும் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. என் வரைபடத்தின் அழகில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"குகை வாசலிலை ஒரு காவலாளி. உள்ளை போக ஒரு பொற்காசு கேக்கிறான்," என்றேன் கனத்த குரலில்.

வாள்வீரன் மரியநாயகம் தொண்டையைச் செருமினார். "தரமாட்டன். வேணுமெண்டால் மூண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரீ பாக் தாறன்."

"ஆகா! அண்ணை அந்த ஆளாவே மாறிட்டார்!"

"அவரோடை கதைச்சு வேலையில்லை," என்றார் மந்திரக்காரி ஜெசிந்தா. "அரசாங்கம் நான்தான். என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ."

"அற்புதம்!"

வில்லாளி டிலக்ஸன் மட்டும் மெதுவாக, "அங்கிள், இந்தக் குகையிலை ஒரு தொப்பி கிடைக்குமோ?" என்றான்.

கிடைக்கும் என்றேன். தங்கத் தொப்பியே கொடுத்தேன். இவ்வளவு நல்ல நடிகர்களை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று மனம்விட்டுப் பாராட்டினேன். அரை மணித்தியாலம் அப்படியே போனது. நான் பாராட்டப் பாராட்ட ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது நிரோஷி வந்தாள். தன் அறைக்குள் போய்ப் போனில் சேர்ந்தாள். அடுத்த நிமிடம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அவளுடைய திரையில் தெரிவதை அப்படியே பிடித்து அனுப்பியிருந்தாள். குகை, கடல், மூன்று ஆட்கள். மூன்று பேருக்கும் கீழே, நான் தட்டிய எழுத்து ஒன்றும் குறையாமல்.

மன்னிப்புக் கேட்கலாம், சிரித்துச் சமாளிக்கலாம். என் மூளை மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. நெட் நின்றுபோனதுபோல் நடிப்பது! வாயை அரைவாசி திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி, அப்படியே உறைந்துபோனேன். இமைகூட வெட்டவில்லை.

தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பின்னால் யன்னல் சீலை ஆடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் உறைய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து மெற்றில்டா றோல்ஸ் தட்டோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ. ஏன் இப்பிடி இருக்கிறியள்?"

நான் உறைந்தேன்.

"இஞ்சருங்கோ! ஐயோ மாதாவே, வாய் ஒரு பக்கம் இழுக்குது! ரவி! ரவி! ஓட்டோவை எடு!"

ரவி பக்கத்து வீடு. ஓட்டோக்காரன், பலசாலி, எதையும் யோசிக்கும் பழக்கம் இல்லாதவன். வந்த வேகத்தில் என்னைக் கதிரையோடு தூக்கினான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் உறைந்துவிட்டு இனி எந்த முகத்தோடு உருகுவது? காதில் மாட்டியிருந்த இயர்போன் வயர் இழுபட்டு, லப்டொப்பும் மேசையில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. ரொறன்ரோவுக்கு முதலில் முகடு தெரிந்ததாம், பிறகு என் சாரம், பிறகு தரை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மான் திரியும்; வாசல் படலையடியில் வாழைத்தோல் தின்றுகொண்டிருந்த ஒன்றுகூடத் தலையைத் தூக்கி, கையை உயர்த்தியபடி கதிரையில் பவனி வரும் என்னைப் பார்த்தது.

வயர் கழன்று தரையில் கிடந்த லப்டொப்பிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"அக்கா, பயப்பிடாதேங்கோ! அவருக்கு ஒண்டுமில்லை. அண்ணைக்கு நெட் போயிட்டுது!"

ரவி என்னைத் தொப்பென்று கீழே வைத்தான். இமை வெட்டினேன்.

அன்றிரவு நிரோஷி சாப்பிட வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். "அப்பா, நான் அவரைத்தான் கட்டுவன் எண்டு இருந்தனான். இனி அவையள் என்ன சொல்லுவினமோ?" என்று உள்ளேயிருந்து சொன்னாள். அழுத குரல். அதற்குப் பிறகு எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

விடிந்ததும், அந்தக் குறிப்புகளையாவது அழிப்போம் என்று வரைபடத்தைத் திறந்தேன். குகை வாசலில் புதிதாக ஒரு கற்சிலை நின்றது. ஒரு கை மேலே தூக்கியபடி. (எல்லோருக்கும் எழுதும் உரிமையும் கொடுத்து வைத்திருந்தேனாம். அது ஏழாவது நிமிடத்துப் பாடம்.) சிலைக்குக் கீழே ஜெசிந்தா எழுதியிருந்தார்:

"சம்பந்தி. புத்தி நாலு. நடிப்பு ரெண்டு. வாய் இருபது. மகளிலை பாசம் இருபது. நாங்களும் விசாரிச்சனாங்கள்தான். ஆனாலும் விடக்கூடாது."

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நிரோஷியின் அறைக்கு ஓடினேன். இந்தமுறை வயரோடு நானே இழுபட்டேன்.

கலியாணத்துக்கு வந்திறங்கிய மரியநாயகம் என் கையில் முதலில் தந்தது ஒரு பெட்டி ரீ பாக். "ஆளுக்கு ஒண்டு, அண்ணை," என்றார். கோவிலில் மாப்பிள்ளையின் தலையை நான் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. விசாரணை பொய்யில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிறோம், குளியலறைத் தரை மாதிரியான அந்த முதல் கருவியில். இடையில் மெற்றில்டா குசினியிலிருந்து, "கடைசி றோல்ஸை ஆர் எடுத்தது?" என்று கேட்பாள். நான் பதில் யோசிக்கும் அந்த அரை நொடிக்குள் ரொறன்ரோவிலிருந்து நிரோஷியையும் சேர்த்து நாலு குரலும் ஒன்றாக வரும்:

"நெட் போயிட்டுது!"

உடனே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரவி கேட்பான்:

"தூக்கட்டோ, அக்கா?"