ஐந்து பட்டை வெண்டைக்காய்

பொதிகையில் புறப்பட்டுக் கடலில் போய் விழும் வரை தாமிரபரணி எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளைப் பார்த்திருக்கும். ஆனால் எங்கள் நகல் அண்ணாச்சியைப் போல ஒருவரைப் பார்த்திருக்காது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பத்திரப் பதிவு ஆபீசில் அவர் நகல் எழுதும் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அடுத்த மேஜை அவருடையது. மழை பெய்தால் ஆற்றுப் பாலம் நிற்குமோ என்று கவலைப்படுவார். வெயில் அடித்தால் ஆபீஸ் கூரை பற்றிக்கொள்ளுமோ என்று கவலைப்படுவார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருந்தால் அதைப் போல ஆபத்து வேறில்லை என்பார்.

ஒரு பத்திரத்தை நகல் எடுத்து, இரண்டு தடவை ஒப்பிட்டு, வீட்டுக்குப் பாதி தூரம் போனபின், தெற்கெல்லையை வடக்கெல்லை என்று எழுதிவிட்டோமோ என்று திரும்பி ஓடி வருவார். பதினோரு வருஷத்தில் ஒரு தப்புகூட அகப்பட்டதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"தம்பி, இத்தனை நாளும் ஒரு தப்புகூட ஆம்புடலைன்னா, எங்கனயோ பெருசா ஒண்ணு ஒளிஞ்சு கெடக்குன்னுல்லா அர்த்தம்?" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்த்துக் கார்டு செய்யும் பித்து எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ரிஜிஸ்திரார் ஐயா கிறிஸ்தவர். ஒரு கிறிஸ்மசுக்கு அவருக்குச் சீமையிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஓட்டு வீடு, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி, வேலியில் ஒரு குருவி. மேஜை மேஜையாகக் கைமாறி அது அண்ணாச்சியிடம் வந்தது. "இம்புட்டுப் பனிய இந்தக் கூரை தாங்குமா வே?" என்று அரை மணி நேரம் விசாரப்பட்டார். சாயங்காலம் கிளம்பும்போது, "எங்கயோ இருக்கவரு இவருக்கு நல்லது நெனச்சு அனுப்பியிருக்காரு பாத்தியளா. நம்ம ஊருல அப்படி யாரு யாருக்கு அனுப்புதாவ?" என்றார். மறுவாரம் அவரே தொடங்கிவிட்டார்.

அச்சாபீசில் புத்தகம் கட்டுகிறவர் ஒருவரிடம் காகிதத்தில் சாயச் சுழி எடுக்கக் கற்றுக்கொண்டார். ஒரு தாம்பாளத்தில் வெந்தயம் ஊறிய கொழகொழத்த நீர். அதன்மேல் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈர்க்கால் கலைத்து, காகிதத்தைப் பைய மேலே படுக்கவைத்து எடுத்தால் ஆற்றுச் சுழி அப்படியே காகிதத்தில் ஏறிவிடும். அதை மடித்து, ஓரமெல்லாம் ஊசியால் குத்திப் புள்ளிக்கோலம் போட்டு, புளியங்கொட்டைப் பசையில் காக்காய்ப்பொன் பொடியை மினுமினுக்கத் தூவுவார். நடுவில் முத்திரை. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து ஒற்றினால் ஒரு சக்கரம். வெண்டைக்காயை வெட்டி ஒற்றினால் ஒரு பூ. அண்ணாச்சியின் கொல்லையில் காய்த்த வெண்டைக்காய்க்கு ஐந்து பட்டை. ஆகவே ஐந்து இதழ்ப் பூ.

கார்டு செய்கிறவர் பேர் போட்டு அனுப்ப வேண்டுமா இல்லையா? அதற்கு அண்ணாச்சிக்குத் தைரியம் இல்லை. "பேரு போட்டா, இவன் எதுக்கு அனுப்புதான், என்ன காரியத்துக்கு அடி போடுதான்னு நெனைப்பாவல்லா?" என்றார். சரி, எழுத்து? ஜில்லாவில் பாதிப் பத்திரம் அவர் கையெழுத்துதான். கண்டுபிடித்துவிடுவார்களே! அதனால் இடது கையால் எழுதினார். அது கருங்குளவி மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம் தைப் பொங்கலுக்கு நாற்பது கார்டு இப்படித் தபாலில் போயிற்று. ஆபீசுக்கு வந்து போனவர்கள், தபால்காரர், ரிஜிஸ்திரார், நான், எல்லாருக்கும். சிவப்புச் சாயத்தில் ஐந்து இதழ்ப் பூ. கீழே இடது கை எழுத்தில், "நல்ல காலம் விரைவில் பிறக்கும். அஞ்ச வேண்டாம்."

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்கு முந்தின ஆனி மாசத்தில்தான் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை ரயிலில் வைத்துச் சுட்டிருந்தார்கள். ஊர் முழுக்க வீடு வீடாகச் சோதனை. இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவதாக ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிற காலம். அந்தக் காலத்தில் பேரில்லாமல், ரத்தச் சிவப்பில் முத்திரை குத்தி, "நல்ல காலம் பிறக்கும்" என்று நாற்பது வீட்டுக்குக் கடிதம் போனால் என்ன ஆகும்? எனக்கு வந்த கார்டை நான் படித்த கையோடு அடுப்பில் போட்டேன். இன்றுவரை அதை வெளியே சொன்னதில்லை.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஆஜானுபாகு. ஒரு கார்டை ரிஜிஸ்திரார் மேஜையில் போட்டார்.

"எனக்கே அனுப்பியிருக்கான் சார்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! அஞ்சு இதழ்னா அஞ்சு பேர். அஞ்சு பேர் சேர்ந்த கூட்டம். உங்க பத்திரங்கள்ல இந்தக் கையெழுத்து இருக்கான்னு பார்க்கணும்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துக்கொண்டே இருந்தார். மை தீர்ந்துவிடும் போலிருந்தது. இன்ஸ்பெக்டருக்குப் போய் ஏன் அனுப்பினீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "விட்டா வருத்தப்படுவாரோன்னு பயந்துட்டேன்" என்றார்.

ரிஜிஸ்திரார் ஐயா, பாவம், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "எழுத்தைப் பத்தி எங்க நகல் குமாஸ்தாவைவிடத் தெரிஞ்சவர் கிடையாது. அவரைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கார்டை அண்ணாச்சி மூக்குக்கு நேரே நீட்டினார். "சொல்லும். இது யார் கை?"

அண்ணாச்சிக்குப் பொய் சொல்லப் பயம். உண்மை சொல்லவும் பயம்.

"இது... இடது கை" என்றார்.

"சபாஷ்!" என்று இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "எனக்கு இது தோணலையே! அந்தச் சீவலப்பேரி வாத்தியார் இடது கைக்காரனான்னு பார்த்துடறேன்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சீவலப்பேரிப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நிலப் பத்திரம் பதிய வந்தபோது அண்ணாச்சிக்குப் பழக்கம். அவருக்கும் ஒரு கார்டு போயிருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவர் அந்தப் பூவைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் வரைந்து வைத்திருக்கிறார். முந்தின நாளே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். அன்று நாலு மணிக்கு ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

இன்ஸ்பெக்டர் போனதும் அண்ணாச்சி என்னைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, நான் போயிச் சொல்லிப்புடுதேன்."

"பேசாம இருங்க அண்ணாச்சி. ரெண்டு நாளுல அவங்களே விட்டுருவாவ" என்றேன். எனக்கும் பயம்தான். அடுத்த மேஜைக்காரனையும் சேர்த்துப் பிடித்தால் என்ன செய்வது?

"அந்த மனுசருக்கு நான் என்ன எழுதினேன்? அஞ்ச வேண்டாம்னுல்லா எழுதினேன்! எழுதிப்புட்டு இங்கன உக்காந்துக்கிட்டு இருக்க முடியுமா வே?"

சொல்லிவிட்டு நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஒரு இடத்தில் வாந்தி எடுத்தார். கடைத்தெருவில் கைக்கு அகப்பட்ட வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் படியேறினார். நான் பின்னாலேயே போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஐயா, அந்தக் கார்டு நான் செஞ்சது. அது வெண்டைக்கா" என்றார் அண்ணாச்சி.

"எது?"

"முத்திரை. வெண்டைக்காய வெட்டி ஒத்தினது."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இடது கையால எழுதிக் காட்டும்" என்றார். அண்ணாச்சி எழுதினார். நடுக்கத்தில் அது எழுத்தாகவே வரவில்லை. "காயை வெட்டும்" என்றார். அண்ணாச்சி பேனா சீவும் சூரிக்கத்தியால் வெட்டி, ஸ்டேஷன் சிவப்பு மையில் தோய்த்து ஒற்றினார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து எண்ணினார். "எட்டு."

கடையில் வாங்கியது எட்டுப் பட்டைக் காய்!

"கார்டுல அஞ்சு. இதுல எட்டு. யாரைக் காப்பாத்த வந்திருக்கீர்?"

"எங்க வீட்டுக் கொல்லையில அஞ்சு பட்டைக்கா நிக்கி..." என்றவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். போலீஸ் கார்டைத் தேடுகிறது என்று முந்தின நாள் ஊரில் கேள்விப்பட்டதுமே எங்கள் மதினி, அதாவது அண்ணாச்சியின் வீட்டம்மா, செடியைப் பூராவும் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டாள். பயத்தில் அவள் அவருக்குக் குறைந்தவள் இல்லை.

"நாலு மணி வரை டைம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இல்லேன்னா வாத்தியாரோட நீரும் போகலாம்."

நான் மார்க்கெட்டுக்கு ஓடினேன். மத்தியானத்துக்கு மேல் அங்கே என்ன இருக்கும்? முற்றல், சொத்தை, ஈ. கடைசியில் ஒரு காய்கறிக்கார அம்மா கூடையை மூடிக்கொண்டிருந்தாள். நான் அவள் கூடையில் கையை விட்டு ஒவ்வொரு காயாக எண்ணினேன்.

"ஏய்யா, மூளை கீளை கலங்கிட்டா? வெண்டைக்காய மூக்கை ஒடிச்சுப் பாப்பாவ. பட்டைய எண்ணியா பாப்பாவ?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். 'சீவலப்பேரி வாத்தியார்' என்றதும் அவள் முகம் மாறியது.

"எங்க ஊரு வாத்தியாரையா? எம் மவனுக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுத்தவருல்லா!" என்று கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து எண்ணினோம். ஏழு, எட்டு, ஏழு, ஆறு, எட்டு. கூடையின் அடியில் ஒட்டிக்கிடந்தவற்றில் ஐந்து பட்டை மூன்று தேறியது. அந்த அம்மா என்னைவிட வேகமாக ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

முதல் காய் அண்ணாச்சி வெட்டும்போதே நசுங்கிப் போயிற்று. இரண்டாவது கீழே விழுந்து ஒரு கான்ஸ்டபிளின் பூட்ஸுக்கு இரையாயிற்று. மூன்றாவதை அந்த அம்மா பிடுங்கி, ஒரே வெட்டாக வெட்டிக் கொடுத்தாள். "பைய வைங்க சாமி" என்றாள்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒற்றினார். எடுத்தார். ஐந்து இதழ்ப் பூ, கார்டில் இருந்தது போலவே.

இன்ஸ்பெக்டர் அந்தக் காயை வாங்கினார். தானே ஒன்று ஒற்றினார். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அந்தக் காகிதத்தின் நாலு ஓரமும் ஒற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சட்டென்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"மேலிடத்துக்கு நான் என்னன்னு ஐயா எழுதறது? நாலு நாளா வெண்டைக்காயைத் துரத்தினேன்னா?" என்று உறுமினார். பிறகு, "அந்த வாத்தியாரைக் கூட்டிட்டு வா" என்றார்.

வாத்தியார் கலைந்த தலையும் கசங்கிய வேட்டியுமாக வந்தார். அண்ணாச்சி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "என்னால உங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம்" என்று அழுதார்.

"நீங்கதானா அது?" என்றார் வாத்தியார். "உள்ளே இருக்கையில அந்தக் கார்டைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். யாரோ ஒருத்தரு அஞ்ச வேண்டாம்னு எழுதியிருக்காவளேன்னு ஒரு தெம்பு."

காய்கறிக்கார அம்மா வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாத்தியாரைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போனாள்.

அண்ணாச்சியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில், டவுனில். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பாலத்துக்கு வந்ததும் ஆரம்பித்தார். "ஏ தம்பி, இன்ஸ்பெக்டர் மேசையில மை பட்டுட்டே, கோவிச்சுக்கிடுவாரோ?"

"கோவிச்சுக்கிட மாட்டாரு அண்ணாச்சி."

"வாத்தியார் வீட்டம்மா என்னைய வைவாவளோ?"

"வைய மாட்டாவ."

"நாளைக்கு ஆபீசுல ரிஜிஸ்திரார் என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பைய நடங்க."

என் ஜாகை பாளையங்கோட்டையில், ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி. பாலத்துப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து அவர் பென்ஷன் வாங்கும் வரை ஒவ்வொரு சாயங்காலமும் பாலத்தின் பாதி வரைக்கும் கூடப் போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் வீடு திரும்பினேன்.