தாத்தாவின் இலையில் மரவள்ளி

எண்ணிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் எண்ணுகிறவர்களுக்குத்தான் அது இருக்கும். எனக்கும் இருந்தது. உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை, ஊறுகாய் பாட்டிலைக்கூட அட்டவணை போட்டுத்தான் திறப்பேன் (அம்மா சொல்வது, பாதிதான் உண்மை).

அப்பா வழியில் நாங்கள் காஜா பேராங் செட்டிகள்; பல தலைமுறைக்கு முன்பே மலாய் மண்ணுக்கு வந்து, தமிழை மறந்து, சாமியை மறக்காதவர்கள். அம்மா பக்கத்து ஊரான கிளேபாங் தமிழச்சி. என் தமிழ் அவர் கொடுத்தது. அப்பா வீட்டில் பேச்சு மலாய்தான். அதை இங்கே தமிழில் தருகிறேன்.

போகியன்று நாங்கள் 'பராச்சு' வைப்போம். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை; அதில் அவருக்குப் பிடித்த சாப்பாடு. கும்பிட்டு அழைத்துவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

தாத்தாவுக்கு மட்டும் என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் முன்பே அவரும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். அதனால் அவர் இலையில் பொதுவாகச் சோறும் மீன் குழம்பும். மூத்த மகளான அத்தைக்கு அது தீராத குறை. "எங்கப்பா சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி சாப்பிட்டுட்டுப் போறாரு" என்பார்.

ஒரு வருஷம், போகிக்குக் கொஞ்சம் முன்பு, பழைய பெட்டியிலிருந்து தாத்தாவின் நாட்குறிப்பு கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் எழுதியது. ஆண்டு 2603 என்று போட்டிருந்தார் (ஜப்பான் கணக்கு, தாத்தாவுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று முதலில் நினைத்தேன்). அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. "நீதான் படிச்சவ. அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

பக்கங்களைப் படம் பிடித்தேன். சாக்குத் துணியில் தைத்த கால்சட்டை, அரிசிக்கு வரிசை, களவு போன கோழி எல்லாவற்றையும் தாண்டி, சாப்பாட்டுப் பெயர்களை மட்டும் பொறுக்கி எண்ணினேன். மரவள்ளிக்கிழங்கு எங்கோ உச்சியில் இருந்தது. அவித்தது, சுட்டது, மாவாக்கி ரொட்டி தட்டியது. சோறு அடியில் கிடந்தது. முடிவு தெளிவு: தாத்தாவுக்கு மரவள்ளி என்றால் உயிர்; சோறு ஆகாது.

அம்மா அட்டவணையைப் பார்த்தார். "அப்பல்லாம் எல்லாரும் அதைத்தானே தின்னாங்க?"

"எண்ணிக்கை இப்படித்தாம்மா சொல்லுது."

போகியன்று தாத்தாவின் இலையிலிருந்து சோற்றை என் கையாலேயே எடுத்துவிட்டு, அவித்த மரவள்ளியைக் குவித்தேன். அழைத்தோம். கதவைச் சாத்தினோம்.

வெளியே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவரு 'செடாப்'னு எழுதியிருக்கிற இடத்தைப் படி. கேக்கணும்." மலாயில் செடாப் என்றால் ருசி.

ருசிக்கென்று ஒரு கட்டம் என் அட்டவணையில் இல்லை. கைப்பேசியில் தேடினேன். கிழங்கைப் பற்றி நீளமாக எழுதியிருந்த ஒரு பக்கம் அகப்பட்டது. தெம்பாக வாசிக்க ஆரம்பித்தேன். போகப்போகக் குரல் இறங்கியது.

"இன்றைக்கும் கிழங்கு. சண்டை முடியட்டும். அப்புறம் இதைக் கொல்லைப்புறமாகக்கூட என் வீட்டுக்குள் விடமாட்டேன். ஒரு தட்டு வெள்ளைச் சோறு கிடைத்தால் போதும். குழம்புகூட வேண்டாம்."

எல்லோரும் சாத்திய கதவைப் பார்த்தோம். உள்ளே தாத்தா. எதிரே நான் குவித்த கிழங்கு.

"அடுத்த வருஷம் வருவாரான்னு தெரியலை" என்றார் அப்பா.

அத்தை அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்பாவுக்கு வாய் நீளம்தான். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது." அவருக்குத் தன் அப்பாவைப் பற்றித் தெரியவந்த முதல் விஷயம் அது.

பிறகு பக்கத்து வீட்டில் ஒரு தட்டுச் சோறு வாங்கிக்கொண்டு, யாரும் திறக்கக்கூடாத கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "அப்பா, கோவிச்சுக்காதீங்க. படிச்ச பிள்ளை."

இன்றும் வீட்டில் நான் எதை அட்டவணை போட்டுக் காட்டினாலும், குளிர்சாதனப் பெட்டியானாலும் எனக்குப் பார்த்த மாப்பிள்ளையானாலும், "செடாப்னு எழுதியிருக்கா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு போகிக்கும், கதவைச் சாத்தும் முன் அத்தை உள்ளே தலையை நீட்டிச் சொல்வார்:

"அப்பா, பயப்படாம வாங்க. இன்னிக்குச் சோறுதான்."