கேட்டு வந்த சீனா டாக்டர்

சத்தியவேடு மாதிரி ஒரு ஊர் உலகத்திலேயே கிடையாது என்று மனமார நம்பிய ஒரே மனிதர் சீனாவிலிருந்து வந்தவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எவரும் அதன்மேல் அப்படி ஒரு பழியைச் சுமத்தியதில்லை. கடைத்தெரு ஒன்று, ஏரி ஒன்று, வந்தால் வரும் பஸ் ஒன்று, இவ்வளவுதான் ஊர். அதற்கே அவர் சாயங்காலமானால் கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருப்புழுதி அடங்குவதைப் பார்த்துப் பூரித்துப்போவார். "இன்னா காத்து பாத்தீங்களா வாத்யாரே" என்பார். ஒரு இலை அசையாது. இருந்தாலும் அவர் சொன்ன பிறகு சில்லென்று ஏதோ மேலே படுகிற மாதிரிதான் இருக்கும்.

பல் டாக்டர். பெயர் என்னவோ இருந்தது. அதை ஒழுங்காகச் சொல்ல வாய் வராமல், ஊரே சேர்ந்து 'சீனா டாக்டர்' என்று முடித்துவிட்டது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அமிர்தம் என்பார். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பாதி ஊருக்குப் பல் பழுப்பேறிக் கிடந்தது. அவருக்கு அதன்மேல் பிரியம் இருக்காதா என்று விஷமிகள் சொல்வார்கள்.

நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து அங்கே தமிழ் வாத்தியாராகப் போனவன். டாக்டர் கடைக்கு எதிர் மாடியில் ஜாகை. போன முதல் வாரமே கடைவாய்ப் பல்லில் வலி தெறித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய், இலக்கண சுத்தமாக என் வேதனையை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பக்கத்தில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தவரிடம் இரக்கத்தோடு சொன்னார்:

"வாத்யாரு வெளியூரு. பாவம், பாஷ தெரியல. ஆறு மாசத்துல கத்துக்குவாரு."

அவருடைய வைத்திய முறை தனி. மரத்துப்போகிற மருந்து என்று ஏதோ ஒரு புட்டி இருந்தது. அதை அவரே நம்பியதில்லை. கதைதான் மயக்க மருந்து. நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பார். "எங்க ஊர்ல ஒரு ஆறு வாத்யாரே. விடியற்காலத்துல பார்த்தா தண்ணியே தெரியாது, பனிதான். பனிக்குள்ள படகு போய்க்கினு இருக்கும். படகு நெறைய வாத்து. ஒரு நாளு எங்க நைனா என்னத் தூக்கி படகுல வச்சிக்கினு..." நமக்குக் கண் செருகும். பனி மூக்கில் ஏறும். வாத்துகள் மெதுவாகக் கத்தும். அந்த நேரம் பார்த்துப் பல் கிண்ணத்தில் 'டங்' என்று விழும்.

கதை அதோடு நின்றுவிடும். பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். ஆகவே ஊரில் ஒருவருக்கும் அந்தக் கதை முழுசாகத் தெரியாது. முன்பல் போனவர்களுக்குப் பனி வரைக்கும் தெரியும். கடைவாய்ப் பல் ஆசாமிகள் படகில் ஏறிவிட்டவர்கள். டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லி, ஒட்டுப்போட்டுப் பார்ப்பார்கள். அவருடைய நைனா படகை எங்கேதான் கொண்டுபோனார் என்பது மட்டும் யாருக்கும் அகப்படவில்லை.

அடுத்த வருஷம் இன்னொரு பல்லோடு போனேன். அதே ஆறு, அதே பனி. ஆனால் கரையில் வேர்க்கடலைக் கொல்லை முளைத்திருந்தது. வாத்துகளைக் காணோம். அவருடைய நைனா படகை ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டு, நுங்கு வெட்டி, "துன்னுடா கண்ணு" என்று மகனிடம் நீட்டினார். நான் டாக்டர் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"உங்க சீனாவுல பனைமரம் இருக்கா டாக்டரே?"

பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"இல்லியே" என்றார். "ஆனா கண்ண மூடினா எனக்கு அப்பிடித்தான் தெரியுது வாத்யாரே. ரெண்டு ஊரும் ஒண்ணாப் பூடுச்சு போல." பல்லைப் பிடுங்க மறந்துவிட்டார். எனக்கும் ஞாபகப்படுத்தத் தோன்றவில்லை. வலியோடேயே மாடி ஏறிப் போனேன்.

இப்படிச் சொப்பனத்தில் நடக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்த ஊரில்தான் எல்லைச் சண்டை வந்தது. ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி. நாங்கள் அப்போது மதராஸ் ராஜ்யம், செங்கல்பட்டு ஜில்லா. மதராஸிலேயே இருப்போம் என்பது ஜவுளிக்கடை முதலியார் கட்சி. ஆந்திராவில் சேர்வோம் என்பது எண்ணெய் மில் ரெட்டியார் கட்சி. காலையில் ஒரு ஊர்வலம், மாலையில் ஒரு ஊர்வலம். டாக்டர் இரண்டுக்கும் வாசலில் நின்று கும்பிட்டார். இரண்டு கட்சிக் கடையடைப்புக்கும் கடையை மூடினார். முதலியாருக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னா டாக்டரே, நீங்க எந்தக் கட்சி, சொல்லிடுங்க."

"ஊரத் தூக்கிக்கினு போயிடுவாங்களா?"

"ஊரு இங்கியேதான் இருக்கும்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லையைப் பற்றி ஜனங்களிடம் விசாரிக்க ஓர் அதிகாரி வந்த அன்றைக்கு, ரெட்டியாரின் மேல்வரிசைப் பல் செட்டு விரிசல் விட்டு டாக்டர் கடையில் காய்ந்துகொண்டிருந்தது. முதலியாருக்கு அன்று காலைதான் பல் எடுத்து, வாய் கொள்ளாமல் பஞ்சு. ரெட்டியார் ஈறால் பேசினார். முதலியார் கையால் பேசினார். அதிகாரி இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். டாக்டர் எதிர்க்கட்சியிடம் கைக்கூலி வாங்கிவிட்டார் என்று இரண்டு கட்சியும் சத்தியம் செய்தது. பின்னால் ஊர் ஆந்திராவுக்குப் போனதற்குத் தன் வாயிலிருந்த பஞ்சுதான் காரணம் என்று முதலியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆம், ஊர் போய்விட்டது. ஒரு தெருவில் பட்டாசு, ஒரு தெருவில் கறுப்புக்கொடி. படுக்கப் போகும்போது செங்கல்பட்டு ஜில்லா, எழுந்திருக்கும்போது சித்தூர் ஜில்லா. எங்களுக்கெல்லாம் அவ்வளவுதான். டாக்டர் மட்டும் காலையில் கடையைத் திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால், வாசலில் மாட்டு வண்டி. காலால் மிதித்துப் பல் குடைகிற மெஷின், நாற்காலி, பல் பெட்டி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. இறங்கி ஓடினேன்.

அவர் வெளிநாட்டுக்காரர். போலீசில் பதிந்துகொண்டு இருப்பவர். சொல்லாமல் செங்கல்பட்டு ஜில்லாவை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஜில்லாவை விட்டுப் போய்விட்டார். அதனால் ஜில்லாவைத் தேடிப் போகிறாராம்.

"யாரு கேக்கப் போறாங்க டாக்டரே?" என்றேன். கூடிவிட்ட கூட்டமும் அதையே சொல்லியது.

"உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. நீங்கல்லாம் கேக்காம வந்து பொறந்துட்டீங்க. நான் கேட்டு வந்தவன் வாத்யாரே. 'இருக்கட்டுமா?'ன்னு கேட்டேன், 'இரு'ன்னாங்க. குடுத்த வாக்கு தப்பினா அப்புறம் இங்க எனக்கு இன்னா மரியாத இருக்குது?"

வண்டி போய்விட்டது. 

எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முதல் கிராமத்தில், ஒரு மாட்டுக்கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கடை வைத்தார். பல்வலிக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். வைத்தியம் பழைய மாதிரி இல்லை. கதை வரவில்லையாம். பேசாமல் பிடுங்கினார், ஜனங்கள் அலறினார்கள். சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு எல்லைக்கல் வரைக்கும் நடந்து வருவார். கல்லுக்கு இந்தப் பக்கம் ஓர் அடி வைக்க மாட்டார். தூரத்தில் எங்கள் ஏரிக்கரைப் பனைகள் புகைபோலத் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டு, ஏரியில் தண்ணீர் எவ்வளவு, பஸ் வந்ததா என்று கேட்பார். ஒருநாள் கல்லின் இரண்டு பக்கமும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "ஒரே மண்ணுதான் வாத்யாரே" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அங்கே இளைத்துக்கொண்டே வந்தார்.

புது ஜில்லாவில் இருக்க அனுமதி வேண்டுமானால் சித்தூருக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் சித்தூர் ஜில்லாவுக்குள் எப்படிப் போவது என்று டாக்டர் கேட்டார். சட்டப்படி அதற்குப் பதில் இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வரச் சொன்னார் முதலியார். டாக்டர் வேறு வழி கண்டுபிடித்து எங்கள் ஊர்ப் போலீஸ் ஏட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னக் கைது பண்ணிக் கூட்டிக்கினு போங்க ஏட்டையா. கைதி போனா தப்பில்ல."

"வேணாம் டாக்டரே. எங்க ஊட்டுல எனக்குச் சோறு போட மாட்டாங்க" என்றார் ஏட்டு. அவர் மனைவிக்குப் பல் கட்டினவரே டாக்டர்தான். கடைசியில், கைது இல்லை, காவல் மட்டும் என்று முடிவாயிற்று. ஏட்டு தொப்பி போட்டுக்கொண்டு கூட வருவார். பொறுப்பேற்க ஊரில் பெரிய மனிதர்கள் இருவர் வேண்டும் என்று போலீசில் சொன்னார்கள். பெரிய மனிதர் என்றால் அங்கே முதலியார், ரெட்டியார், வேறு யார்? எழுதப் படிக்க நான்.

பஸ்ஸில் முதலியார் ஒரு ஜன்னல், ரெட்டியார் ஒரு ஜன்னல். நடுவில் டாக்டர். "டாக்டரே, அந்த ஆள் கால மடக்கிக்கச் சொல்லுங்க" என்பார் முதலியார். "டாக்டர்காரு, அவரு பைய எடுத்துக்கச் செப்பண்டி" என்பார் ரெட்டியார். புத்தூரில் எலும்புக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் கையும் காலும் மூங்கில் பத்தையுமாக நின்றார்கள். டாக்டர் அவர்களைத் தொழில் மரியாதையோடு பார்த்தார். சித்தூர் பஸ் போய்விட்டதால் திருப்பதி சுற்றிப் போக வேண்டியதாயிற்று. திருப்பதியில், போலீஸ் காவலோடு ஒரு சீனரைப் பார்த்ததும் மொட்டைத் தலைகள் எல்லாம் கூடிவிட்டன. யாரோ பெரிய தூதர் மலைக்குப் போகிறார் என்று ஒருவர் மாலைகூடப் போட்டுவிட்டார். டாக்டர் மாலையும் கழுத்துமாக மலையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, பஸ் வரும்வரை நின்றார். அவர் உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியும்.

சித்தூரில் அதிகாரி நல்லவராகவே இருந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு, கருணையோடு ஒரு யோசனை சொன்னார். அந்தப் பக்கம் இருக்கத்தான் ஏற்கெனவே அனுமதி இருக்கிறதே, பேசாமல் அங்கேயே இருந்துவிட்டால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. இந்தப் பக்கம் எதற்காக வர வேண்டும்?

 நியாயமான கேள்வி. ஊரையே கதை சொல்லி மயக்கியவர், குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.  அதிகாரி காத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சரி, சொந்த ஊர் எது?"

"சத்தியவேடு."

"அது இப்போ. அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாடியும் சத்தியவேடுதான் சார். அப்போ செங்கல்பட்டு ஜில்லா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு யார் பொறுப்பு?"

"எங்க ஊர்க்காரரு சார்" என்றார் முதலியார். "மா ஊரி மனிஷி சார்" என்றார் ரெட்டியார். இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. வந்ததும் இருவருக்கும் சங்கடமாகிவிட்டது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டு சமாளித்தார்கள். ஒரு தாளில் அதிகாரி முத்திரை குத்தினார். டாக்டர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பி வரும்போதும் பஸ்ஸில் முதலியார் ஒரு ஜன்னல், ரெட்டியார் ஒரு ஜன்னல். ஆனால் ரெட்டியார் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் டாக்டர் மடி வழியாக முதலியாரிடம் போய்வந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை எழுந்து மாடியிலிருந்து பார்க்கிறேன், டாக்டர் கடை வாசலில் வரிசை. ஜவுளிக்கடையைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போயிருந்தது. ஏட்டு நிற்கிறார், டீக்கடைக்காரர் நிற்கிறார், பல்லே முளைக்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நிற்கிறாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் நின்றேன். என் முறை வந்தது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். டாக்டர் விளக்கைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

"எங்க நோவுது வாத்யாரே?" என்றார்.

"இப்போ நோவல டாக்டரே" என்றேன்.