தங்க மீனுக்கு ஒரு கை உப்பு

அந்த மீன் சாகக் கூடாது. சாக விடமாட்டேன். காலையில் பல் விளக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

எனக்கு வயது பத்தொன்பது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கடைசியாக எழுதுகிற செர்த்திபிக்கா பரீட்சையை எழுதாமலே படிப்பை விட்டவன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பெண்டாட்டி கெங்கா என்னைவிட ஒரு வயசு மூத்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் மறக்க விட்டால்தானே.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் வீடு. நான் வலைக்குப் போவேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுச்சேரியில் மீன் விற்பாள். எங்களைச் சுற்றி எல்லாமே மீன்தான். உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. கண்ணாடி ஜாடியில் ஒரு தங்க மீன்.

அது கெங்காவின் அண்ணன் சாமிக்கண்ணு கொடுத்தது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவன். டவுனில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரன். தங்கச்சி கல்யாணத்தை முடித்தான். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது துரையோடு அவனும் கப்பலேறிவிட்டான். போகும் முன் துரை வீட்டுத் தோட்டத்துத் தொட்டியிலிருந்து இந்த மீனை அள்ளி என்னிடம் கொடுத்தான். இது நீந்துகிற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க மாப்ளே என்றான். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

இந்த மாதிரிப் பேச்சிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கெங்காதான் பாவம், நம்புகிறவள். அவளுக்காகத்தான் விடிந்ததும் முதல் வேலையாக ஜாடியைப் பார்ப்பேன். கரையேறி வந்ததும் பார்ப்பேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போயும் பார்ப்பேன். எல்லாம் அவளுக்காக.

இப்போது மீனின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ரவை ஒட்டினது மாதிரி. ஜாடியின் அடியில் ஒதுங்கி நின்றது.

"செத்தா சாவட்டும் மாமா. மீன்தானே?" என்றாள் கெங்கா.

எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள் உடைந்து போயிருக்கிறாள்.

நாங்கள் மீன் பிடிக்கிற வம்சம். ஆனால் மீனுக்கு நாங்கள் பார்க்கிற வைத்தியம் எல்லாம் அது செத்த பிறகுதான் தொடங்கும். மஞ்சள், உப்பு, அப்புறம் புளி. பக்கத்து வீட்டுத் தையலம்மாள் மஞ்சள் போடச் சொன்னாள், புண்ணை ஆற்றுமாம். மளிகைக்கடை ராசு படிகாரம் என்றார். கலங்கின தண்ணியே தெளியுது, மீன் தெளியாதா என்று கேட்டார். நான் உப்புக் கட்சி. கடல் மீனெல்லாம் உப்பில்தானே கொழுக்கிறது?

சோதிக்காமல் போட நான் மடையன் இல்லை. வாய்க்காலில் கெண்டைக் குஞ்சு பிடித்து வந்து மூன்று சட்டியில் விட்டேன். கெங்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா பண்றே?"

"பரீட்சை."

"நீ எழுதாத பரீட்சைய அதுங்க எழுதுதா?"

படிகாரச் சட்டியில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. குஞ்சு செத்து மிதந்தது நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் சட்டியில் ஒன்றுமே தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினேன். அதுவும் போயிருந்தது.

"அத இப்பிடிக் குடு. பாதிக் கொழம்பு ஆயிடுச்சு," என்றாள்.

உப்புச் சட்டியில் ஒரு சிட்டிகைதான் போட்டிருந்தேன். குஞ்சு துள்ளியது.

எனக்குப் பொறுமை கிடையாது. சிட்டிகை போட்டால் சிட்டிகை சிட்டிகையாகத்தானே குணமாகும்? ஜாடியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு வலைக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தால் மீன் சுற்றிச் சுற்றி நீந்துகிறது. ஒரு புள்ளி இல்லை. கொஞ்சம் பருத்துக்கூட இருந்தது. உப்பு உடம்பில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தையலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைக்கே போய் ராசுவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டே?"

"டவுனுக்கு. துரை வூட்டுத் தோட்டக்காரர் முத்துசாமியப் பாத்தா மச்சான் விலாசம் கெடைக்கும். மீன் பொழச்சிக்கிச்சுன்னு எழுதிப் போடணும். அவனும் நல்லாத்தான் இருப்பான் கெங்கா. இருக்கான்."

அவள் கதவை மறித்து நின்றாள்.

"சட்டையக் கழட்டு மாமா."

"ஏன்?"

"அண்ணன் போயிட்டான். போன ஆடியிலயே. போன எடத்துல ஏதோ ஜொரமாம். துரை எழுதியிருக்காருன்னு முத்துசாமி அண்ணன்தான் சொன்னாரு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

போன ஆடியிலிருந்து அவள் கூடையோடு நடந்து வருகிற வழியிலேயே அழுது தீர்த்திருக்கிறாள். அரியாங்குப்பம் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வெயிலில் நடந்த கண் சிவப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கண்ணத் தொறந்ததும் ஓடிப்போயி அந்த ஜாடியப் பாக்குறே. உங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

ஜாடியைக் கை காட்டினேன்.

"நீ உப்புக் கொட்டின அன்னிக்கே அது செத்துப்போச்சு. தோட்டத்துத் தொட்டியில இன்னும் நெறைய கீது. ரெண்டு மத்தி குடுத்தா முத்துசாமி அண்ணன் ஒண்ணு அள்ளிக் குடுப்பாரு."

நான் அழுதேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் அழவில்லை. அவள் பங்கை எப்போதோ அழுது முடித்துவிட்டாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அப்போ இது ரெண்டாவது மீனா என்று கேட்டேன்.

"அஞ்சாவது," என்றாள்.