கிராப் அண்ணன் தலையை அம்மா நேர்ந்துகொண்ட கதை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தீவில், வெள்ளத்துக்குப் பயப்படாமல் காற்றுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் கிராப் அண்ணன்தான். ஆடியில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும்போது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இவர் ஆபீஸ் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருப்பார்.

திருவானைக்காவலில் நான் வேலை பார்க்கும் கோயில் சுற்றுலா ஆபீஸில் அவர்தான் மூத்த வழிகாட்டி. அவருடைய உண்மைப் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். 'கிராப்பு' என்று முணுமுணுத்தால் அடுத்த தெருவிலிருந்து எட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு முடி. நெற்றியில் ஒரு அலை, காதுக்கு மேலே ஒரு அலை, பின்னால் சட்டைக் காலரை மூடும் அளவுக்கு ஒரு திரை.

அந்தத் திரை விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர வேலை. சுற்றுலா எல்லாம் மிச்ச நேரத்தில். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டார். மலைக்கோட்டைக்குப் பயணிகளை அழைத்துப் போனால், காற்றடிக்கும் உச்சிக்கு ஏறாமல் பாதி மலையில் தாயுமானவர் சன்னதியோடு நின்றுவிடுவார். "உச்சிப் பிள்ளையாரை நீங்க பார்த்துட்டு வாங்க. அவருக்கு என்னை நல்லாத் தெரியும்" என்பார். காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் பஸ்ஸே இறங்கி முங்கிக் குளிக்கும்போது இவர் கடைசிப் படியில் நின்று, மூன்று சொட்டை எடுத்து மூக்கின் மேல் தெளித்துக்கொள்வார்.

இதில் வேடிக்கை, எங்கள் பஸ்ஸின் முக்கியமான நிறுத்தம் சமயபுரம். முடி காணிக்கை செலுத்துபவர்களை வரிசையில் உட்கார வைப்பதும், மொட்டை போட்டு முடித்தவர்களுக்குச் சந்தனம் எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. யாராவது ஒரு பாட்டி, "நீங்க போட்டுக்கலையா தம்பி?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள்.

"போன மாசம்தாம்மா போட்டேன். நமக்குக் கொஞ்சம் சீக்கிரம் வளந்துடும்."

"ஆத்தாடி! என்னப்பா தேய்க்கிறே?"

அங்கேதான் எண்ணெய்க் கதை பிறந்தது. கரிசலாங்கண்ணி, வெட்டிவேர், அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒரு இலை. எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சி மண்சட்டியில் ஒரு மண்டலம் வைக்க வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் எங்கள் பஸ் டிரைவர் செல்வம் அண்ணன் அதைக் குறித்துவைத்துக்கொண்டார். காலையும் மாலையும் தேய்த்தார். முடி வரவில்லை. தலை பளபளத்த அழகுக்கு, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வரும் வண்டியை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"ரெண்டு வருஷமாத் தேய்க்கிறேன் கிராப்பு. புருவம்தான் அடர்த்தியாவுது."

"நம்பிக்கையோட தேய்க்கணும் செல்வம். சந்தேகப்பட்டா வேர் கோவிச்சுக்கும்."

இப்படிப்பட்ட ஆபீஸில்தான் நான் வந்து சேர்ந்தேன். என் ஊர் வையம்பட்டிக்குப் பக்கம்; ஆபீஸில் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். முதல் பட்டதாரியும் நான்தான். அதைச் சொல்லும்போது என் குரல் இப்போதும் கொஞ்சம் உயரும்; உயரட்டும். முதலாளிக்கு மட்டும் சந்தேகம். "நாப்பது பேரை மேய்க்கணும்மா, முடியுமா?" என்று கேட்டு, கிராப் அண்ணனோடு ஒரு நாள் சோதனைக்கு அனுப்பினார். அன்று தேறினால் வேலை.

படித்த பெண் அல்லவா? புது நோட்டு வாங்கி, நாற்பது பேருக்கும் நம்பர் போட்டு, அடையாளம் எழுதிவைத்தேன். மூன்றாம் நம்பர், வெள்ளைக் குடுமி. ஏழு, மருதாணி போட்ட சிவப்பு முடி. பன்னிரண்டு, சுருட்டை முடித் தாத்தா. என் ஒழுங்கைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த நோட்டோடு சமயபுரத்தில் இறங்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பஸ் வாசலில் நோட்டைப் பிரித்தபோது, எதிரே சந்தனம் பூசிய முப்பது தலைகள் ஒரே மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தன. குடுமி இல்லை, சிவப்பு இல்லை, சுருட்டை இல்லை. நோட்டை மூடினேன். விரலால் எண்ணினேன். சரியாக நாற்பது. "போலாம் ரைட்!"

கொள்ளிடம் பாலத்தின் மேல் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு மொட்டைப் பெரியவர் கேட்டார். "ஏம்மா, கரூருக்கு எத்தனை மணிக்குப் போவோம்?"

எங்கள் பஸ் கரூருக்குப் போகவில்லை. அவர் எங்கள் ஆளும் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் தாத்தா சமயபுரத்தில் நிற்கிறார்.

பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினார்கள். நான் பஸ்ஸின் பின்பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போட்டு, "வேலை போச்சும்மா" என்று அழுதேன். திரும்பி வந்தபோது கிராப் அண்ணன் இல்லை. பால் கேன் கட்டிய டி.வி.எஸ். ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கரூர்க்காரரை நடுவில் உட்கார வைத்து, தான் பின்னால் தொற்றிக்கொண்டு போயிருந்தார். ஹெல்மெட் கிடையாது. ஆடிக் காற்று. கொள்ளிடம் பாலம்.

முக்கால் மணி நேரத்தில் தாத்தாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். முடி எட்டுத் திசைக்கும் நின்றது. ஒரு கையால் தாத்தாவைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் தலையைப் பொத்தியிருந்தார். முன்பக்கத்தை அல்ல, பின்மண்டையை. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி சத்தம் போட்டார். "யாரு எண்ணுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிராப் அண்ணன் சொன்னார். "நான்தான் சார். தலை சுத்திருச்சு, ஒண்ணு விட்டுப்போச்சு. பொண்ணு சரியாத்தான் எழுதிவச்சிருந்தா."

பதினோரு வருட அனுபவசாலியை முதலாளி என்ன செய்ய முடியும்? முறைத்துவிட்டுப் போனார். எனக்கு வேலை கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, வேலையை நிரந்தரம் செய்து கடிதம் கொடுத்தார்கள். மறுநாளே ஒரு பை நிலக்கடலையோடு அம்மா ஆபீஸுக்கு வந்துவிட்டாள். நேராகக் கிராப் அண்ணன் மேஜைக்குப் போனாள்.

"தம்பி, ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு. எப்ப வரீங்க?"

"என்ன வேண்டுதல்மா?"

"அன்னைக்கு இவ அழுதுக்கிட்டே போன் பண்ணுனாளா? அப்பவே சமயபுரத்தா இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எம்புள்ளை வேலை நிலைச்சா, அந்த வேலையை நிக்க வைக்கிற மகராசன் முடியை உனக்குத் தரேன் தாயேன்னு."

செல்வம் அண்ணன் கடலையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

"அடுத்தவங்க தலையை எப்படிம்மா நேர்ந்துக்குவே?" என்றேன்.

"என் முடியைக் குடுத்தா புண்ணியம் எனக்குல்ல வரும்? உதவி பண்ணுனது அவரு. புண்ணியம் அவருக்குத்தானே போய்ச் சேரணும்?"

அம்மா நன்கொடை கேட்க வரவில்லை. பரிசு கொடுக்க வந்திருந்தாள். கிராப் அண்ணனின் முகம் சந்தனம் போல வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவளே சமாதானமும் சொன்னாள். "முடியாட்டிப் பரவால்ல தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை இவ முடியைக் குடுத்துடறேன். ஆத்தாளுக்குச் சொன்ன சொல் நிக்கணும், அவ்வளவுதான்."

கிராப் அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை அம்மா மண்டபத்துக்கு வரச் சொன்னார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, பின்பக்கத் திரையைக் கையால் தூக்கினார்.

இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் ஒரு தழும்பு. மூட்டை தைத்தது போல.

"பின்னாடி தோலைக் கீத்தா வெட்டி எடுத்து, அதுல இருக்கிற முடியை ஒண்ணொண்ணாப் பிரிச்சு முன்னாடி நட்டது. மெட்ராஸ்ல பண்ணுனேன். ஆபீஸ்ல காசி டூர்னு சொல்லிட்டுப் போனேன். முடி வந்தது எண்ணெயாலன்னே எல்லாரும் நம்பிட்டாங்க. நாலு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏண்ணே?"

"முப்பது வயசுல மூணு வீட்ல பொண்ணு பார்த்தேன். மூணு வீட்லயும், 'மாப்பிள்ளையோட அப்பா வந்துட்டாரு, மாப்பிள்ளை எங்க'ன்னு கேட்டாங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். "முடி வந்த பிறகு போய்ப் பார்க்கலையா?"

"எப்படிப் போறது? அவங்க வீட்ல ஃபேன் போடுவாங்களே."

லீவில் அந்த டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, மொட்டை போட்டாலும் முடி திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் முளைத்து மூடும்வரை தழும்பு பளிச்சென்று தெரியும். அதற்கு மருந்து இல்லை.

"வேண்டாம்ணே. நானே போட்டுக்கறேன். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருக்கேன், வையம்பட்டி. உக்காரும்போது எப்படி இருந்தாலும், எந்திரிக்கும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறாங்க. அதைப் பார்த்தா எனக்கு நாலு வருஷமாப் பொறாமையா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் போனோம். அவர், நான், அம்மா, கடைசி நிமிஷத்தில் தானாக வந்து சேர்ந்த செல்வம் அண்ணன். மொட்டை போடும் மண்டபத்தில் அவரைத் தெரியாத ஆளே இல்லை. அவர் உட்கார்ந்ததும் நாலைந்து கத்திகள் பாதியில் நின்றன.

"யாருங்க, கிராப் அண்ணனா? உடம்புக்கு என்னங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். போடுப்பா. நான் மனசு மாறுறதுக்குள்ள போடு."

முன்னால் இருந்த அலை விழுந்தது. பக்கத்து அலைகள் விழுந்தன. பின்பக்கம் போன கத்தி நின்றுவிட்டது. "ஐயோ, என்னங்க இது? விபத்தா?" கூட்டம் கூடியது. கிராப் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பத்து வயதிலிருந்து நடவுக்குப் போனவள். குனிந்து பின்பக்கத் தழும்பைப் பார்த்தாள். முன்பக்கம் வந்து, புள்ளி புள்ளியாக வரிசை கட்டி நின்ற வேர்களைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

"பின்னாடி நாத்துப் பறிச்சு முன்னாடி நட்டிருக்கீங்களா தம்பி?"

"ஆமாம்மா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நடவு அருமையா இருக்கு. வரிசை தப்பல. பறிச்ச நாத்தங்காலைத்தான் சரியா மூடாம விட்டுட்டானுங்க."

முதலில் சிரித்தது கத்தி பிடித்திருந்தவர். பிறகு மண்டபமே சிரித்தது. கடைசியில் கிராப் அண்ணனும் சிரித்தார். எழுந்திருக்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்.

செல்வம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்த எண்ணெய்?"

"அது தலைக்குக் குளிர்ச்சி, செல்வம்."

மூன்று நாள் செல்வம் அண்ணன் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "மிச்சம் கிடக்கு. தழும்புல தேய்ச்சுப் பாரு. நம்பிக்கையோட தேய்க்கணும்."

அடுத்த சுற்றுலாவுக்குக் கிராப் அண்ணன் மூன்று பொய்கள் தயார் செய்து என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். சின்ன வயதில் மாடு முட்டியது. தென்னை மட்டை விழுந்தது. மூன்றாவதில் ஒரு கரடி வந்தது. பயணிகள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் பஸ்ஸில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். "ஏன் நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறே? போய் உக்காரு" என்று விரட்டினார். நான் நகர்ந்த அடுத்த நொடி, பின் சீட்டுப் பெரியவர் கேட்டுவிட்டார்.

"என்னப்பா தம்பி, மண்டையில இவ்வளவு பெரிய காயம்?"

எந்தப் பொய் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"முடி நட்டுக்கிட்டேங்க. வழுக்கையா இருக்க வெக்கமா இருந்துச்சு."

"இப்போ?"

கிராப் அண்ணன் தலையைத் தடவிப் பார்த்தார். "இப்போ நேரமில்லீங்க. நாப்பது பேரை எண்ணணும்."

எண்ணினார். சரியாக இருந்தது.

போன வாரம் அம்மா போன் செய்து, "அந்தத் தம்பி நட்சத்திரம் என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். கேட்டேன். கிராப் அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "உத்திரட்டாதி. ஏம்மா, மறுபடியும் எதையாவது நேர்ந்துக்கிட்டாங்களா?"

இல்லை. அம்மா எந்தக் கோயிலுக்குப் போனாலும் அர்ச்சனைக்கு அப்பா பெயர், அவள் பெயர், என் பெயர் என்று மூன்றைத்தான் சொல்வாள். இப்போது நான்கு சொல்கிறாள்.