நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு கழுகுமலை போனது

கோவில்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளை செல்வகணேஷ் அவர்களுக்கு, அத்தான் இராமச்சந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா சத்தியபாமா, இந்துஜா மூவரும் நலம். ஓசூரில் அனைவரும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உங்கள் மருமகள் இந்துஜாவுடைய மூச்சிரைப்புக்கு நீங்கள் அன்போடு அனுப்பிய நெபுலைசர் மெஷின் பற்றியது இது. டாக்டரம்மா இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். காவி நிறம் தினமும் இரண்டு வேளை. நீல நிறம் இரைப்பு வந்தால் மட்டும். இரண்டையும் பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி இழுக்க வேண்டும். நீலம் உடனே கேட்கும். காவியைப் போட்டால் புகையில்லை, சத்தமில்லை, ஒன்றுமே தெரியாது. என் கடைப் புண்ணாக்கைப் போட்டால்கூட ஒரு வாரத்தில் மாட்டில் தெரியும். பொடியாக உறிஞ்சுகிற கருவி நல்லது என்று மருந்துக்கடை தங்கப்பாண்டியன் சொன்னார் என்று அதையும் வாங்கி, பிள்ளைக்குக் கொடுக்குமுன் நானே சோதித்தேன். உறிஞ்ச வேண்டியதை ஊதிவிட்டேன். மருந்து முழுவதும் தவிட்டு மூட்டைமேல் போயிற்று. அந்த நிலையில்தான் உங்கள் மெஷின் வந்தது. மாவு மில் மாதிரி சத்தம், முகம் மறைகிற புகை. தெருவே வந்து பார்த்தது. அடுத்த வீட்டு இசக்கிதுரை அண்ணாச்சி தன் சளிக்கு அந்தப் புகையில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய மெஷின் வந்தபிறகு அந்தச் சின்ன டப்பா எதற்கு என்று காவியை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் கழுகுமலையில் ஒரு கல்யாணம். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் கரிசக்காட்டில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூசி சன்னல் வழியே வந்தது. இந்துஜாவுக்கு நெஞ்சு விசிலடித்தது, விலா உள்வாங்கியது, பேச வந்த சொல் பாதியில் நின்றது. நான் எழுந்து பிளக் எங்கே என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது பஸ்ஸு. பிளக்குக்கு எங்கன போக?" என்றார்.

ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொல்லி வயரோடு ஓடினேன். "கரண்டு சாயந்தரந்தான் வரும். டீ போடவா?" என்றார் கடைக்காரர். அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கடையைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால், மெஷின் இருக்கும்போது வேண்டாம் என்று நான் சொல்லியிருந்த நீல இன்ஹேலரையும் குடுவையையும் பையிலிருந்து எடுத்து உங்கள் அக்கா பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரைப்பு தணிந்தது. பிள்ளை பேசிய முதல் பேச்சு: "அப்பா, வயர உள்ள வைங்க. எல்லாரும் பாக்காவ."

கல்யாணத்துக்குப் போகாமல் டாக்டரம்மாவிடம் திரும்பினோம்.

"காவிய ஏன் நிப்பாட்டுனீங்க?"

"அது ஒண்ணும் செய்யலையேம்மா."

"இரைப்பு வராம பாத்துக்கிடுததுதான் அதோட வேல. வராதது எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?"

வீட்டில் கொடுக்கக் குடுவையும் இன்ஹேலருமே போதும், மெஷினை நாங்கள் சொன்னால் மட்டும் எடுங்கள் என்றார்கள். உங்கள் மெஷின் இப்போது பரணில் இருக்கிறது. காவியை நானே காலையும் மாலையும் கொடுத்து, வாய் கொப்பளிக்க வைக்கிறேன். இந்த விஷயத்தில் இனி என் புத்தி மாறாது. தயவுசெய்து வேறு எதுவும் அனுப்ப வேண்டாம்.

எல்லோருக்கும் எங்கள் அன்பும், குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
அத்தான் இராமச்சந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது உங்கள் அடுத்த பார்சல் வந்தது. காற்றைச் சுத்தம் செய்கிற பெட்டி. பச்சை விளக்கெல்லாம் எரிகிறது. காற்றே சுத்தமானபிறகு காவியை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் என்ன என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். பதிலைக் கடை முகவரிக்கே அனுப்பவும். இப்போதைக்கு அங்கேதான் படுத்துக்கொள்கிறேன்.