பத்தொன்பது பேருக்கு ஒரு பலாமரம்

எனக்குச் சொந்தமில்லாத பொருளைப் பத்தொன்பது பேருக்கு வாரி வழங்கியவள் நான். அதுவும் கண்டம் விட்டுக் கண்டம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருப்பத்தூருக்கு மேலே மலையில் இருக்கிற புதூர்நாட்டில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, நானே கேட்டுக்கொண்டிருந்தேன். (கேட்க வேறு ஆள் சிக்கவில்லை.) பாட்டுகளை இணையத்தில் போட்ட பிறகு நார்வேயில், பிரேசிலில், ஜப்பானில் எல்லாம் ரசிகர்கள் சிக்கினார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஒருவரும் இல்லை.

ஆல்பம் போடப் பணம் வேண்டுமே! ரசிகர்களே பணம் போட்டு உதவுகிற இணையதளம் ஒன்றில் சேர்ந்தேன். பணம் தருகிறவருக்குப் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும் என்றது அந்தத் தளம். மற்ற நாட்டுப் பாடகர்கள் என்ன தருகிறார்கள் என்று பார்த்தேன். சிலி நாட்டுக்காரர் ஒருவர் தான் வாசித்துத் தேய்ந்த கிட்டார் கம்பியைத் தந்தார். அயர்லாந்துப் பெண் ஒருத்தி தன் கையால் பின்னிய காலுறை தந்தாள். நான் எதைத் தருவது, எங்கள் மலையில் விளைகிற புளியையா?

வாசலில் பலாமரம் காய்த்துத் தொங்கியது. எழுதிவிட்டேன்: "உங்கள் பெயரில் ஒரு பலாப்பழம். அனுப்ப முடியாது. ஆல்பம் வெளியாகும் அன்று நேரலையில் அறுத்து, உங்கள் சார்பில் நாங்களே சாப்பிடுவோம்."

என்ன தாராள மனசு, பாருங்கள்! அதற்கும் பத்தொன்பது பேர் பணம் கட்டினார்கள். அட்டையில் பெயர் எழுதி ஒவ்வொரு காயிலும் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். லார்ஸ் அடிமரத்தில், மரியானா நடுக்கிளையில், கென்ஜி உச்சியில். (பத்தொன்பதும் ஒரே நாளில் பழுக்காது என்பதுகூட இந்த மலைக்காரிக்குத் தோன்றவில்லை.) அப்பா அட்டைகளைப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம்.

அந்த நாளும் வந்தது. பதினொரு மணிக்கு நேரலை. எட்டு மணிக்கே கத்தியும் எண்ணெய்க் கிண்ணமுமாக வாசலுக்கு வந்தேன். மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

"யம்மா! பழம்லாம் இன்னா ஆச்சு?"

"இப்பதான்டி வியாபாரி வந்து அறுத்துக்கினு போனாரு. நீ உள்ள பாடிக்கினு இருந்த."

எங்கள் மலையில் பலா பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரி மரத்தைப் பார்த்து விலை பேசி, முன்பணம் கொடுத்துவிடுவார். முற்றியதும் ஜீப்போடு வந்து அறுத்துப்போவார். இது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் வாசல் மரம் எப்போதும் வீட்டுக்குத்தான். அதை அப்பா விற்றதே இல்லை.

"இத்த எதுக்குப்பா குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"மாசி மாசம் மைக்கு வேணும்னு அழுதியே, அது இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சு?"

அந்த மைக்கில் பாடித்தான் அத்தனை பேரையும் பிடித்திருந்தேன்.

"ஏறு வண்டில," என்றார் அப்பா. திருப்பத்தூர்வரை பின்சீட்டில் நான், கையில் பலாக்கத்தி. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்காரர் மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டார்.

மார்க்கெட்டில் பெயர் அட்டையோடு குவியலாகக் கிடந்தார்கள் என் ரசிகர்கள். ஒரு அம்மா லார்ஸைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதெல்லாம் நான் வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுத்த பழம்ணே!"

வியாபாரி என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இன்னாய்யா, ஒரே மரத்த ரெண்டு பேருக்கு வித்துக்கிறியா? இத்தினி வருசமா உன் வார்த்தைய நம்பித்தான துட்டு குடுக்கறேன்?"

அப்பா தலையைக் குனிந்தார். ஒருத்தர் முன்னாலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

மணி பதினொன்று. எங்காவது ஒரு பழம் வாங்கிக் காட்டிச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் அப்பாவின் பேர்? நேரலையைத் திறந்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உடைத்துச் சொன்னேன். பழம் என்னுடையதல்ல, அப்பா ஏமாற்றவில்லை, வீட்டில் கேட்காமல் கொடுத்தவள் நான். அதையே வியாபாரி காதில் விழத் தமிழிலும் கத்தினேன். அழுகை வேறு. துடைத்துத் துடைத்து, காலையில் கையில் தடவிய எண்ணெய் முகமெல்லாம்.

முதலில் எழுதிக் கேட்டவர் லார்ஸ்: "என் பழம் இனிக்கிறதா?"

அதற்குள் அந்த அம்மா லார்ஸை வாங்கியிருந்தார். நானே அறுத்துக் கொடுத்தேன். ஒரு சுளையை மென்றபடி போனைப் பார்த்து, "தேனாட்டம் கீதுப்பா தம்பி," என்றார். (தம்பிக்கு அறுபது வயசு.)

தன் பழத்தை யார் சாப்பிடுகிறார்கள் என்று மரியானா கேட்டாள். கூட்டம் கூடிவிட்டது. வியாபாரிக்கு விஷயம் புரிந்ததும், "பிரேசில் பழம் வா! ஜப்பான் பழம் வா!" என்று கூவ ஆரம்பித்தார். நடுவில் நின்று நான் பாடினேன். அன்று பழுத்திருந்த ஏழும் விற்றுத் தீர்ந்தன. மற்றவை பழுக்கப் பழுக்க, வாங்கியவரை நிற்கவைத்து வியாபாரியே எனக்குப் போட்டோ அனுப்பினார். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதய்யா," என்றார் வியாபாரி. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அடுத்த மாசியில் விலை பேச வந்தவர் வாசல் மரத்தையும் அண்ணாந்து பார்த்தார்.

"அது வேணாம் மொதலாளி," என்றார் அப்பா. "அது பாப்பாவோட ஆளுங்க மரம்."

இன்றுவரை அதை விற்கவில்லை. அதில் ஒரு பழம் அறுக்க வேண்டுமென்றால் போதும், அம்மா கத்தியோடு வந்து என் முன்னால் நிற்பாள்: "ஏன்டி, நார்வேக்காரரு இன்னா சொல்றாரு? அறுக்கட்டுமா, வேணாமா?"